எறும்புச் சாமியும் அச்சடிக்காத சீட்டும்

அந்த ஆடி மாதம் காஜா பெராங்கில் மனிதனை விட எறும்புக்குத்தான் மரியாதை அதிகம். சடக்கில், அதாவது சாலையில், நாலு எறும்பு வரிசையாகப் போனால் போதும், சைக்கிளில் வருபவர் இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றுவார். கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஊர்வலம் கடந்த பிறகுதான் மறுபடி பெடலை மிதிப்பார். ஆகஸ்டு முப்பத்தொன்றில் விடுதலை என்று மலாயா முழுக்க நாள் எண்ணிக்கொண்டிருந்தது. நாங்கள் டின்னுக்குள் இறங்கிய எறும்பை எண்ணிக்கொண்டிருந்தோம்.

எல்லாம் பிபீலிகானந்த சுவாமிகளின் திருவருள். பிபீலிகை என்றால் வடமொழியில் எறும்பாம். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அவர் எறும்புச் சாமி ஆனார். இமயமலையிலிருந்து வந்தவர் என்று ஊரே சொன்னது. ஈப்போ பஸ்ஸிலிருந்து இறங்கி, பாக்கிச் சில்லறைக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். இமயமலைக்கு ஈப்போ வழியாகவும் பஸ் ஓடுகிறது போலும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் பொன்னுதுரை. காஜா பெராங் சடக்கில் காலால் மிதிக்கும் அச்சு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்துப் பிழைப்பவன். சாமியின் நோட்டீசை அடித்த புண்ணியவானும் நானே.

“மலாயாவுக்கு விடுதலை! உங்கள் இரத்தத்துக்கு எப்போது? சர்க்கரை வியாதியா? அது வியாதியே அல்ல! ஏழு தலைமுறைக்கு முன் உங்கள் வம்ச வித்திலே விழுந்த கறை! எறும்பார் சாட்சி சொல்வார்! சாமி கறை நீக்குவார்!”

இப்படிப் போனது நோட்டீஸ். என் பெட்டியில் ஆச்சரியக்குறி பத்தொன்பதுதான் இருந்தது. சாமி முப்பது கேட்டார். கையிருப்பு தீர்ந்தவுடன் முற்றுப்புள்ளி போட்டேன். மொத்த நோட்டீசிலும் நிதானமான வாக்கியங்கள் அவை மட்டுமே.

கூடவே சீட்டும் அடிக்கச் சொன்னார். ‘கறை உண்டு’ என்று ஐந்நூறு. ‘கறை நீங்கியது’ என்று ஐந்நூறு. அச்சு கோத்துக்கொண்டிருக்கும்போது எனக்குள் ஒரு கேள்வி அரித்தது. கறையே இல்லாதவன் ஒருவன் வந்து நின்றால் அவனுக்கு எந்தச் சீட்டைக் கொடுப்பார்? கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரம் பார்த்து முன்பணமும் வந்தது. கேள்வி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பரிசோதனை நடக்கும் விதம் இதுதான். சடக்கோரத்தில் ஒரு பழைய பலகை வீடு. வாசலில் ஒரு பலா மரம், அதன் அடியில் எறும்புப் புற்று, புற்றுக்கு முன்னால் நீளமாக ஒரு பெஞ்சு. முதல் நாள் சாயந்திரமே சாமியின் மீசைக்காரச் சீடர் ஆளுக்கொரு பால் டின்னைக் கொடுப்பார். தித்திப்பான கெட்டிப் பால் வருமே, அந்தக் காலி டின். தேநீர்க் கடையில் தே கட்டிக் கொடுப்பது போலவே ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, பெயர் எழுதிய அட்டையும் தொங்கும். “பால் பரிசுத்தம். ஆகவே பால் டின்னும் பரிசுத்தம்” என்பார் சீடர். மறுநாள் காலையில் முதல் சிறுநீரை அதில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். டின் பெஞ்சில் ஏறும். எறும்பு டின்னில் ஏறும். சாமி கண்ணை மூடுவார். “ஏழு தலைமுறைக் கறை!” என்பார். ‘உண்டு’ சீட்டு கைக்கு வரும்.

பிறகு கறை நீக்கம். ஒரு மாதச் சம்பளம் காணிக்கை, தினம் மூன்று சிட்டிகை சாம்பல், அதைவிட முக்கியமாக ஆஸ்பத்திரி ஊசிக்குத் தடை. “ஊசி இரத்தத்தைக் குத்திக் கறையைக் கலக்கிவிடும்” என்பது சாமி வாக்கு. இருபத்தொரு நாள் கழித்து மறுபரிசோதனை. அது பால் டின்னில் அல்ல, சாமியே எடுத்துத் தரும் புனிதக் கிண்ணத்தில். சாம்பிராணிப் புகை சூழ்ந்த அந்தக் கிண்ணத்தை எறும்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். கூட்டம் ‘ஓ’ என்று அலறும். ‘நீங்கியது’ சீட்டு கைக்கு வரும்.

கிளேபாங்கிலிருந்து ஒரு மீன் வியாபாரி வந்தார். சைக்கிள் கைப்பிடியில் இரண்டு டின். ஒன்று பரிசோதனைக்கு, இன்னொன்று வழியில் குடிக்கக் கட்டி வந்த கறுப்புக் கோப்பி. அவசரத்தில் கோப்பியை எடுத்து பெஞ்சில் வைத்துவிட்டார். எறும்புகளுக்குத் தீபாவளி. சாமி எட்டிப் பார்த்து நடுங்கிப் போனார். “ஐயோ, இரத்தம் கறுத்தே விட்டதே! இருபத்தொரு தலைமுறை!” மீன்காரர் மூன்று மடங்கு காணிக்கை கட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மற்ற டின்னை வழியில் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்கே எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கானது.

சாமியிடம் இன்னொரு விசேஷம். பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய செம்பு நிறையத் தண்ணீர் இருக்கும். மடக் மடக்கென்று குடிப்பார். கால் மணிக்கு ஒரு தரம் எழுந்து பலா மரத்துக்குப் பின்னால் போவார். எறும்பு ராஜாவோடு தனிமையில் பேசப் போகிறார் என்று கூட்டம் எழுந்து நின்று கும்பிடும்.

இதுவரை சிரிப்பு. இனி மாணிக்கவாசகத்தின் கதை.

மாணிக்கவாசகம் என் பக்கத்து வீட்டுக்காரர். ஊருக்குத் தண்ணீர்க் குழாய் பூட்டும் ஃபிட்டர். மூன்று வருடமாகச் சர்க்கரை வியாதி, தினம் ஊசி. தாயில்லாத ஒரே மகள் கமலவேணி ஆஸ்பத்திரியில் மிஸி, அதாவது தாதி. வாரத்தில் ஐந்து நாள் தாதிகள் விடுதியில் இருப்பாள், சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அவளுக்கும் உஜோங் பாசிரில் இருக்கும் தியாகுவுக்கும் ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தியாகு தபால் கந்தோரில் கிளார்க். ஒரு நாளைக்கு ஆயிரம் கடிதத்துக்கு முத்திரை குத்துவான், அம்மாவுக்கு முன்னால் ஒரு வார்த்தை பேச மாட்டான்.

அந்த அம்மாவின் பெயர் பாக்கியலட்சுமி. ஒரு நாள் மகனையும் கூட்டிக்கொண்டு, கையில் சாமியின் நோட்டீசோடு மாணிக்கவாசகம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“சம்பந்தி, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க வம்சத்துல இந்தச் சீக்கு கெடையவே கெடையாது லா. நாளைக்கு என் பேரப்பிள்ளைங்க ரத்தத்துல கறை விழுந்தா நான் யாரைப் போய்க் கேக்கறது? ‘நீங்கியது’ சீட்டு வரட்டும், அப்புறம் தாலியைப் பத்திப் பேசலாம்.”

இதைச் சொல்லிக்கொண்டே தன் தேநீரில் மூன்றாவது கரண்டி பாலை ஊற்றிக் கலக்கினார். தியாகு முறுக்கைக் கடித்தான். சத்தம் வந்தது முறுக்கிலிருந்துதான்.

மாணிக்கவாசகம் மறுநாளே சாமியிடம் டின்னோடு போய் நின்றார். ‘உண்டு’ சீட்டு வாங்கினார். காணிக்கை கட்டினார். மகளுக்குத் தெரியாமல் ஊசியை நிறுத்தினார்.

இரண்டாவது சனிக்கிழமை கமலவேணி வீட்டுக்கு வந்தபோது அவர் உதடு வெடித்து, கண் குழிந்து, மூன்றாவது கூஜா தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். ஊசி மருந்துப் பாட்டில் அவள் வாங்கி வைத்தது வைத்தபடி இருந்தது.

“என்னப்பா இது?”

“உன் கல்யாணம் முடியட்டும்மா. சீட்டு வந்த அன்னிக்கே ஊசி போட்டுக்கறேன்.”

“சீட்டு வர்றதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?”

“ஆனா ஆவட்டும். என் ரத்தத்தால உன் வாழ்க்கை கெட்டுதுன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.”

அவர் சட்டைப்பையிலிருந்த சீட்டை உருவிக்கொண்டு அவள் நேராக என் அச்சுக்கூடத்துக்கு வந்தாள். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ‘பொன்னுதுரை அச்சகம்’ என்று இருந்தது. அதை விரலால் தட்டினாள்.

“மாமா, இது உங்க வேலைதானே?”

“ஆமாம்மா. அச்சு நல்லா விழுந்திருக்கா?” என்று கேட்டேன். என் ஆயுளில் நான் பேசிய படு முட்டாள்தனமான பேச்சு அதுதான்.

“அப்பா பத்து நாளா ஊசி போட்டுக்கல. இன்னும் பத்து நாள் போனா நீங்க அவருக்குக் கருமாதிப் பத்திரிகைதான் அடிக்கணும்.”

திரும்பிப் போன அந்தக் கேள்வி இப்போது வட்டியோடு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உண்டு ஐந்நூறு, நீங்கியது ஐந்நூறு, இல்லை என்று ஒன்று கூடக் கிடையாது.

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட இல்லம்மா. கேக்கணும்னு நினைச்சேன்.”

“நினைச்சீங்க!” என்றாள். அதற்கு மேல் என்னைத் திட்ட அவளுக்கு நேரமில்லை. பரிசோதனைக்கென்று டின் வாங்கிய ஒருவர் என் மேசையில் மறந்துவிட்டுப் போன புது டின் அவள் கண்ணில் பட்டது. எடுத்து முகர்ந்தாள். உள்விளிம்பை விரலால் வழித்தாள். பிசுக்கென்று ஒட்டியது.

“மாமா, ஆஸ்பத்திரில நாங்க பாட்டிலைக் கொதிக்கிற தண்ணில கழுவிட்டுத்தான் குடுப்போம். இதுல பால் காயவே இல்லையே. இந்த டின் எங்கேர்ந்து வருது?”

ஹாஜா பாயின் தேநீர்க் கடையிலிருந்து வந்தது. இருவரும் போய்க் கேட்டோம். பாய் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“அந்த மீசைக்காரன் தெனம் அறுவது டின்னு எடுக்கறான்மா. மொத நாள் நான் பாவம்னு கழுவி வச்சேன். சண்டைக்கு வந்துட்டான். ‘கழுவாம குடு பாய், கழுவினா சக்தி போயிடும்’ங்கறான். எனக்கென்ன, கழுவுற வேலை மிச்சம்.”

கமலவேணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குச் சாமியின் மேல் கொஞ்சம் இரக்கமே வந்துவிட்டது.

அன்று சாயந்திரமே கமலவேணி சொல்லியனுப்ப, பாக்கியலட்சுமிக்கு ஆள் போனது. “அத்தை, எங்க வீட்டை மட்டும் பார்த்தா நியாயமா? உங்க வம்சம் சுத்தம்னு ஊருக்கே தெரியட்டும். நீங்களும் டின் குடுங்க, அப்பா டின்னையும் பக்கத்துலயே வச்சுப் பார்த்துடலாம், நானே எடுத்துட்டுப் போறேன்.” பாக்கியலட்சுமிக்குப் பெருமை பிடிபடவில்லை. “தங்கமான பொண்ணு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பலா மரத்தடியில் கூட்டம் சடக்கு வரை நின்றது. மாணிக்கவாசகத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். ஒரு பக்கம் பாக்கியலட்சுமி பட்டுச் சேலையில், பக்கத்தில் தியாகு. கமலவேணி இரண்டு டின்னையும் பெஞ்சில் வைத்தாள். ஒன்றில் மாணிக்கவாசகம் என்று அட்டை, மற்றதில் பாக்கியலட்சுமி.

எறும்பு வந்தது. இரண்டு டின்னிலும் ஏறியது. இரண்டாவதில் பால் கொஞ்சம் தாராளமாக ஒட்டியிருந்தது, ஆகவே அதில் கறுகறுவென்று மொய்த்தது.

சாமி செம்புத் தண்ணீரைக் குடித்தார், கண்ணை மூடினார். “பெண் வீட்டுக் கறை, ஏழு தலைமுறை. மாப்பிள்ளை வீட்டில்...” ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். “அடடா, பதினாலு!”

பாக்கியலட்சுமி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. “யோவ் சாமி! யாரைப் பார்த்துய்யா பதினாலுங்கறே? எறும்புக்குக் கண்ணு தெரியுமாய்யா? அது பூச்சிய்யா! பூச்சி சொன்னா நீ கேட்டுக்கறதா?”

ஒரு மாதமாக எறும்பு சொன்னதை வேதவாக்காக நம்பிய அம்மாள், தன் வீட்டு டின்னில் எறும்பு ஏறிய அரை நிமிடத்தில் பகுத்தறிவாளி ஆகிவிட்டார். ஞானம் யாருக்கு எந்த வழியாக வரும் என்று சொல்ல முடியாது.

“கோவப்படாதீங்க அத்தை” என்றாள் கமலவேணி. “உங்க டின்னை நான் மாத்திட்டேன். ரெண்டுலயும் இருக்கறது பைப்புத் தண்ணி.”

நாற்காலியிலிருந்து மாணிக்கவாசகத்தின் குரல் மெலிந்து வந்தது. “எந்தப் பைப்பும்மா?”

“நம்ம வாசல் பைப்புதாம்பா. நீங்க பூட்டினது.”

“முப்பது வருஷமா இந்த ஊருக்குத் தண்ணி விடறேன்” என்றார் அவர். “அதுக்குமா ஏழு தலைமுறை?”

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. ஆனால் சாமி லேசுப்பட்டவரா? இரண்டு கையையும் தூக்கினார். “தண்ணீருக்கும் வம்சம் உண்டு, மகளே! மேகத்தில் விழுந்த கறை! அதையும் எறும்பார் காட்டிக்கொடுத்துவிட்டார்!”

“அதானே! மழை எங்கேர்ந்து வருது, பாத்தீங்களா?” என்று முன்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். இப்படிப்பட்ட ஜனத்தை வைத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து ஒருவர்தான் வந்தார் என்பதே ஆச்சரியம்.

கமலவேணி பையிலிருந்து மூன்றாவது டின்னை எடுத்தாள். பளபளவென்று இருந்தது. “அதே பைப்பு, அதே தண்ணி. டின்னை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கொதிக்கிற தண்ணில கழுவியிருக்கேன்.” பெஞ்சில் வைத்தாள்.

எறும்புகள் வந்தன. மூன்றாவது டின்னைத் தொட்டுப் பார்த்தன. சுற்றிக்கொண்டு மற்ற இரண்டுக்குப் போய்விட்டன. கால் மணி நேரம் ஊரே குனிந்து நின்று பார்த்தது. ஒன்று கூட ஏறவில்லை.

“மேகத்துக் கறை சவர்க்காரம் போட்டா போயிடுமா சாமி?” என்று கேட்டாள். “அப்படின்னா இருபது காசுல வேலை முடிஞ்சிருக்குமே.”

“கழுவாம குடு பாய்னு சொன்னது இதுக்குத்தானா!” என்று ஹாஜா பாய் கூட்டத்தின் நடுவிலிருந்து கத்தினார். மீசைக்காரச் சீடர் மெல்லப் பின்வாங்கினார். யாரோ புனிதக் கிண்ணத்தைத் தூக்கி முகர்ந்து முகம் சுளித்தார். விளிம்பு முழுக்க மண்ணெண்ணெய். சாம்பிராணி எதற்கு என்பது அப்போதுதான் எங்கள் மூளைக்கு எட்டியது.

அந்த நேரத்தில்தான் நானும் வாயைத் திறந்தேன். “சாமி என்கிட்ட ஆயிரம் சீட்டு அடிக்கச் சொன்னார். உண்டு ஐந்நூறு, நீங்கியது ஐந்நூறு. இல்லைன்னு ஒரு சீட்டு கூட அடிக்கச் சொல்லல. நீங்க டின்னோட வர்றதுக்கு முன்னாடியே உங்க எல்லாருக்கும் முடிவு என் கடையில காய்ஞ்சுக்கிட்டு இருந்துது. நான் பணத்துக்காக வாயை மூடிட்டு இருந்தேன். செருப்பால அடிக்கறதா இருந்தா என்னையும் அடிங்க.”

செருப்புகள் கழன்றன. இந்த முறை எறும்புக்காக அல்ல. சாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டு பலா மரத்துப் பக்கம் நகர்ந்தார்.

“எங்க ஓடறே?” என்றது கூட்டம்.

“ஓடலைய்யா!” சாமியின் தமிழ் முதல் முறையாக எங்கள் தமிழானது. “நெசமாவே முட்டுதுய்யா!”

கமலவேணி அவரை உற்றுப் பார்த்தாள். காலியான செம்பைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்த தன் அப்பாவின் வெடித்த உதட்டைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது டின்னின் தண்ணீரைக் கொட்டி, துடைத்து, சாமியிடம் நீட்டினாள். “போயிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்.”

காஜா பெராங்கே காத்திருந்தது. பத்து பேர் மரத்தைச் சுற்றிக் காவல் நின்றார்கள். டின் வந்தது. பெஞ்சில் ஏறியது. கழுவிய டின். பால் கிடையாது, மண்ணெண்ணெய் கிடையாது.

மொத்தப் புற்றும் கிளம்பி அதில் ஏறியது.

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் பலா மரத்துக் காக்கைகள் பறந்துவிட்டன. பாக்கியலட்சுமி பட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மீன் வியாபாரி தரையில் உட்கார்ந்தே விட்டார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாமி. டின்னைப் பார்த்தபடி வெளிறிப் போய் நின்றார். இன்னொருத்தி கமலவேணி.

“சிரிக்காதீங்க” என்றாள். “எறும்பு டாக்டர் இல்ல. ஆஸ்பத்திரில நீல மருந்து ஒண்ணு இருக்கு, அதோட சேர்த்துக் காய்ச்சினா சர்க்கரை இருக்கறது செங்கல் நிறத்துல தெரியும். நாளைக்கு இவரையும் கூட்டிட்டுப் போய்ப் பாக்கணும்.”

பாக்கியலட்சுமி சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார். “அப்போ கமலா, இந்தச் சீக்கு ரத்த வழியா வாரிசுக்கு வராதா?”

“வரலாம் அத்தை. சில குடும்பத்துல தொடர்ந்து வருது. உள்ளுக்குள்ள என்ன கெட்டுப்போய் அப்படி வருதுன்னு கேட்டா, ‘இன்னும் முழுசாத் தெரியல’ன்னு எங்க டாக்டரே சொல்றார். தெரியாததைத் தெரியலன்னு சொல்றாங்க பாருங்க, வித்தியாசம் அங்கதான் இருக்கு. வந்தா பார்த்துக்கலாம், மருந்து இருக்கு, சாப்பாட்டுல கட்டுப்பாடு இருக்கு. யாரும் யாருக்கும் கறை இல்ல.”

அப்போது ஒரு புதுக் குரல் கேட்டது. யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். தியாகு.

“அம்மா, நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில பார்த்துக்கலாம். கல்யாணத் தேதி மாறாது.”

பாக்கியலட்சுமி வாயைப் பிளந்தார். பிளந்த வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். மாணிக்கவாசகம் மகளிடம் கையை நீட்டினார். அவள் அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னாலும், அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த ஊசியைப் போட்டாள். நான் அழுதேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சாமியின் சோதனைக் குழாய் செங்கல் நிறமானது. காணிக்கையில் மிச்சமிருந்ததை ஊர் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அவர் கமலவேணியிடம் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான்: “மிஸி, ஊசி ரொம்ப வலிக்குமா?”

கல்யாணம் ஆவணியில் நடந்தது. பத்திரிகையை நான் காசு வாங்காமல் அடித்தேன். ஆச்சரியக்குறி ஒன்றே ஒன்றுதான் போட்டேன், தியாகுவின் பெயருக்குப் பக்கத்தில்.

விடுதலைக் கொடி ஏறி இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒருவர் அச்சுக்கூடத்துக்கு வந்தார். நெற்றி நிறையக் குங்குமம். கிளிஞ்சலைக் காதில் வைத்துக் கேட்டு, பிறக்கப்போகும் பிள்ளையின் நோயைச் சொல்வாராம். ‘தோஷம் உண்டு’ ஐந்நூறு, ‘தோஷம் நீங்கியது’ ஐந்நூறு அடிக்க வேண்டும் என்றார். அவருக்குப் பின்னால் வாசலில் அதற்குள் நாலு பேர் கைகட்டி நின்றார்கள். மூன்று பேர் எறும்புச் சாமியிடம் ஏமாந்தவர்கள்.

“அடிச்சுத் தரேன்” என்றேன், அந்த நாலு பேருக்கும் கேட்கும்படி. “‘தோஷம் இல்லை’ன்னு எத்தனை சீட்டு அடிக்கணும்?”

அவர் என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இன்றுவரை வரவில்லை.

உங்கள் ஊருக்கும் ஒருவர் வருவார். கால் மணி நேரம் குனிந்து நின்று பார்க்க உங்களுக்குப் பொறுமை இல்லாவிட்டால் போகட்டும், இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிட்டு டின்னை நீட்டுங்கள். கேட்க மாட்டீர்கள் என்றால் உங்கள் சீட்டும் இந்நேரம் எங்கோ ஓர் அச்சுக்கூடத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது.